உங்களுக்குத் தெரியுமா? ரயிலடியில் உறங்குகிறவர்கள்

● மைசூருக்கு மெட்ரோ கிடையாது. நியூயார்க்கில் வீடற்றவர்கள் சுரங்க ரயிலில் ஒண்டுகிறார்கள் என்றால், இங்கே அவர்களுக்கு ஜங்ஷன் பிளாட்பாரமும் ஜெனரல் பெட்டியும்தான். சென்னையிலிருந்து வரும் காவேரி எக்ஸ்பிரஸுக்கும் தூத்துக்குடியிலிருந்து வரும் வண்டிக்கும் மைசூருதான் கடைசி ஊர். வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியவர், மனம் கலங்கிய நிலையில் ஏதோ ஒரு வண்டியில் ஏறியவர், வேலை கிடைக்கும் என்று நம்பி வந்தவர் எல்லோரும் வண்டி நின்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்படி இறங்குகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

● பெங்களூரு–மைசூரு ரயில் பாதையே பஞ்ச காலத்துப் பாதை. நம் பாட்டிமார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொன்ன அந்த 1876–78 பஞ்சம் மைசூர் சமஸ்தானத்தையும் உலுக்கியது. 1871இல் சுமார் 50 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 42 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. பட்டினியால் ஊரைவிட்டு வந்தவர்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரணப் பணியாக மீட்டர்கேஜ் பாதைக்கு மண் கொட்டினார்கள். 1882இல் மைசூருக்கு வண்டி வந்தது. இன்று இந்த நிலையத்திலிருந்து விரட்டப்படுகிறவர்களைப் போன்றவர்கள்தான் அன்று இதற்குத் தண்டவாளம் போட்டார்கள்.

● பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய். இரண்டு மணி நேரம்தான் செல்லும். பயணச்சீட்டு இல்லாத ஒருவர் இரவு முழுக்க அங்கே படுக்கச் சட்டத்தில் இடமே இல்லை. பெட்டியிலும் நிலையத்திலும் பிச்சை எடுப்பதை ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு தடுக்கிறது. லத்தி பெஞ்சைத் தட்டும் ஓசை கேட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டியதுதான்.

● உறக்கமும் ஓர் அடிப்படை உரிமை. ராம்லீலா மைதான வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. எங்கே உறங்குவது என்பதற்குத்தான் பிளாட்பாரத்தில் விடை இல்லை.

● மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘வீடற்ற குடும்பம்’ என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தடி, பெரிய சிமென்ட் குழாய், கோயில் மண்டபம் என்று நீளும் அந்தப் பட்டியலில் ரயில்வே பிளாட்பாரமும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. 2011 பிப்ரவரி 28 இரவில் இவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். நகரங்களில் மட்டும் 9.4 லட்சம். ஒரே இரவில், கண்ணில் பட்டவர்களை மட்டும் எண்ணி வந்த தொகை இது. ஓடும் வண்டியின் கழிவறை ஓரத்தில் சுருண்டு கிடந்தவரை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது?

● இது பலருக்குத் தெரியாது. கர்நாடகத்தில் சொத்துவரி கட்டுகிற ஒவ்வொருவரும் பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார்கள். 1975ஆம் ஆண்டின் கர்நாடகப் பிச்சை ஒழிப்புச் சட்டப்படி நிலம், கட்டட வரியின் மேல் 3 சதவீதம் தனி வரி உண்டு. ஆயிரம் ரூபாய் வரிக்கு 30 ரூபாய். உள்ளாட்சி அமைப்புகள் இதை வசூலித்து மத்திய நிவாரணக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் குழு ‘நிராஸ்ரிதர பரிஹார கேந்திரா’ என்ற பெயரில் மையங்களை நடத்துகிறது. மைசூரிலும் ஒன்று உண்டு. இதே சட்டம் பிச்சை எடுப்பவரைப் பிடித்து அந்த மையத்தில் அடைத்து வைக்கவும் அதிகாரம் தருகிறது. அடைக்கும் இடம் எப்படி இருக்கும் என்பதை நாடு 2010 ஆகஸ்டில் பார்த்தது. பெங்களூரு மாகடி சாலை மையத்தில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பலர் இறந்து போனார்கள். சமூகநலத் துறை அமைச்சர் அந்தத் துறையை இழந்தார். பணம் இல்லாததால் வந்த சாவுகள் என்று இவற்றைச் சொல்லிவிட முடியாது. வரி போட்டு, அதற்கென்று ஒரு குழு வைத்து, கட்டடமும் கட்டிய பிறகுதான் அந்த மனிதர்கள் இறந்தார்கள். வரி கட்டியவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. மைசூர்க்காரர்கள் அதைக் கேட்க வேண்டும்.

● டெல்லியில் வறுமையால் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் ரத்து செய்தது. கொரோனா காலத்தில் பிச்சைக்காரர்களைச் சாலையிலிருந்து அகற்றக் கோரிய வழக்கில், அப்படியொரு மேட்டுக்குடிப் பார்வையைத் தன்னால் எடுக்க முடியாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்தது.

● ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் ஓர் இரவுக் காப்பகம். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிமுறை இது. உச்ச நீதிமன்ற உத்தரவுகளின் வழியே உருவான அளவு. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. வீடற்றவர்கள் கூடும் இடத்துக்கும் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கும் பக்கத்திலேயே அமைய வேண்டும். அதாவது ரயில் நிலையம், பஸ் நிலையம், சந்தை ஆகியவற்றின் அருகில். மைசூரு மாநகரின் மக்கள்தொகை 2011இல் ஏறக்குறைய 9 லட்சம். விதிப்படி 9 காப்பகங்கள், 900 படுக்கைகள். உங்கள் ஊருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊருக்கு வெளியே பத்து கிலோமீட்டரில் காப்பகம் கட்டினால் யாரும் போக மாட்டார்கள். விடியற்காலையில் மூட்டை தூக்கும் வேலை ரயிலடியிலும் சந்தையிலும்தான் கிடைக்கும்.

● 2020 ஊரடங்கில் வண்டிகள் நின்றன. தெருவில் கிடந்தவர்களை மைசூரு மாநகராட்சி தங்கவைத்த இடங்களில் ஒன்று நஞ்சராஜ பகதூர் சத்திரம். வழிப்போக்கருக்கு இடம் கொடுக்க அரச காலத்தில் எழுந்த கட்டடம், நூறாண்டுக்குப் பிறகு மறுபடியும் அதே வேலையைச் செய்தது. பழைய மைசூரில் சத்திரம் கட்டியவர்கள் ஊருக்குள் கட்டினார்கள். இன்று காப்பகத்துக்கு இடம் தேடும் அதிகாரிகளுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டாம்.

● நியூயார்க்கில் வீடற்ற ஆண்களுக்காக 1979இல் தொடுத்த காலஹன் வழக்கு 1981இல் உடன்பாட்டுத் தீர்ப்பில் முடிந்தது. கேட்பவருக்குப் படுக்கை தருவது அந்த நகரத்தின் சட்டக் கடமையானது. வழக்கின் முகமாக இருந்த காலஹன் அதற்கு முன்பே தெருவில் இறந்துவிட்டார். அத்தனை காப்பகங்கள் இருந்தும் இன்னும் பலர் சுரங்க ரயிலில்தான் உறங்குகிறார்கள். கூட்டமும் திருட்டும் சண்டையும் நிறைந்த காப்பகத்தைவிட, விளக்கு எரியும் ரயில் பெட்டி பாதுகாப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். 2020 மே மாதம், இரவும் பகலும் ஓடிய அந்த ரயிலை நள்ளிரவுக்குப் பின் நான்கு மணி நேரம் நிறுத்தினார்கள். ஓராண்டு கழித்துத்தான் பழையபடி ஓடியது. படுக்கை இருந்தால் மட்டும் போதாது, அதில் பயமில்லாமல் கண்ணை மூட முடிய வேண்டும்.

● பிளாட்பாரத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிபவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அப்படித் திரிபவருக்கு மனநோய் இருப்பதாகத் தெரிந்து, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையும் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவர் வீடற்றவரானால் ‘காணாமல் போனவர்’ என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு எழுதிய சட்டம் இது. அந்த நம்பிக்கை வீண் போவதில்லை. சென்னையில் 1993இல் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பும், 2018இல் மகசேசே விருது பெற்ற டாக்டர் பரத் வட்வானியின் ‘ஷ்ரத்தா’வும் இப்படிப்பட்டவர்களைச் சிகிச்சைக்குப் பின் சொந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டிருக்கின்றன. அதற்கு முதல் துப்பு பெரும்பாலும் அவர் வாயில் வரும் ஊர்ப் பெயர். கன்னடம் பேசும் ஊரில் ஒருவர் தமிழில் முணுமுணுத்தால் அந்த ஊர்ப் பெயரைப் பிடிக்கக்கூடியவர் ஒரு தமிழர்தான்.

● 2018 முதல் 2024 மே வரை ரயில்வே பாதுகாப்புப் படை மீட்ட குழந்தைகள் 84,119 பேர். ‘நன்ஹே ஃபரிஷ்தே’ என்பது அந்த நடவடிக்கையின் பெயர். பலர் வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள்.

● வயதானவரை வண்டியில் ஏற்றிக் கைவிடுவது குற்றம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

● வீடில்லாவிட்டாலும் ஓட்டு உண்டு. முகவரிச் சான்று தேவையில்லை. விண்ணப்பத்தில் சொன்ன இடத்தில் அவர் உண்மையிலேயே உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்ப்பார். ஒரு முறைக்கு மேலும் வருவார். பார்த்து உறுதி செய்தால் பெயரைச் சேர்க்கலாம்.

● அடுத்த முறை காவேரி எக்ஸ்பிரஸில் மைசூரில் இறங்கும்போது இந்த எண்கள் கைபேசியில் இருக்கட்டும். ரயிலிலும் நிலையத்திலும் உதவிக்கு 139. தனியாக இருக்கும் குழந்தைக்கு 1098. கைவிடப்பட்ட முதியவருக்கு 14567. மனநல ஆலோசனைக்கு 14416. அவசரத்துக்கு 112. காசு போட்டுவிட்டு நகர்வதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, “எந்த ஊருங்க?” என்று கேளுங்கள். பதில் வந்தால் அந்த ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லி போன் செய்யுங்கள்.