‘பை’ வேறு, ‘டில்’ வேறு

செகந்திராபாத்தில் நான் பணியாற்றிய கிளைக்கு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் வருவார். கும்பகோணத்துக்காரர், விண்ணப்பங்களைத் தம் கைப்பட ஆங்கிலத்திலேயே எழுதுவார். ஒருமுறை வைப்புத்தொகையைப் புதுப்பிக்கக் கோரியபோது, ‘டில் ஜூன் 15’ என்று எழுதியிருந்தார். ஜூன் 15-க்குள் புதுப்பித்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. ஜூன் 15 வரை பணம் இருந்தால் போதும் என்று எழுத்தர் பொருள் கொண்டார். ஓராண்டுக்குச் செல்ல வேண்டிய தொகை, குறைந்த வட்டியில், சில வாரங்களுக்கே புதுப்பிக்கப்பட்டது.

அவர் எழுதியிருக்க வேண்டியது ‘பை ஜூன் 15’. தமிழில் ‘க்குள்’, ‘வரை’ என்னும் இரண்டையும் நாம் ஒருபோதும் குழப்புவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் தடுமாறுகிறோம். ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க 1958-இல் தொடங்கப்பெற்று, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமான ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம் ஹைதராபாத்தில்தான் இருக்கிறது. அதன் வாயிலைக் கடந்தே நாள்தோறும் பணிக்குச் சென்ற நானும் பல்லாண்டுகள் ‘டில்’ எழுதியவனே!

‘இன் டென் டேஸ்’ என்பதிலும் கவனம் தேவை. பத்து நாள் கழித்து என்றே பலர் அதைப் படிப்பர். கெடுவைக் குறிக்க ‘விதின் டென் டேஸ்’ என்பதே ஐயமற்றது. காசோலை திரும்பினால், அத்தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்னும் சட்டப் பிரிவும் ‘விதின்’ என்றே சொல்கிறது.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் இத்தகைய வினையடைத் தொடர்களின் மேலேயே பணம் நிற்கிறது. ‘ஆன் டிமாண்ட்’ என்றால் கேட்டவுடன். உண்டியலில் ‘அட் சைட்’ என்பதற்கும் அதே பொருள். ‘ஆஃப்டர் சைட்’ என்று ஒரு சொல் மாறினாலோ, உண்டியல் ஏற்கப்பட்ட பின்னரே நாள் எண்ணத் தொடங்கும்.

வெளிநாட்டு வங்கிக்கு எழுதுவோர் ‘அட் தி எர்லியஸ்ட்’ என்பதைத் தவிர்க்கலாம். இங்கே அது ‘விரைவில்’ என்று பொருள்படும். அங்கே தேதியுடன் சேர்ந்தால் ‘அதற்கு முன்னதாக அன்று’ என்றாகிவிடும். ‘அஸ் சூன் அஸ் பாசிபிள்’ எங்கும் செல்லும்.

அந்தப் பெரியவர் மறுமுறை வந்தபோது ‘பை’ என்பதை இருமுறை அடிக்கோடிட்டிருந்தார். வைப்புக் காலம் ஓராண்டு என்பதையும் தனி வரியில் எழுதியிருந்தார்.