கோழியின் இயல்பறிந்து வளர்த்தல்

சந்தையிலிருந்து நாலைந்து கோழிகளை வாங்கி வந்து வளவிலே திறந்துவிடுகிறார் ஒருவர். இனி நாள்தோறும் முட்டை கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ஒரு கிழமை கழியுமுன்பே ஐயங்கள் எழுகின்றன. மாலையானதும் கோழிகள் கூட்டுக்குட் செல்லாமல் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கொத்தித் துரத்துகிறது. ஒன்று நடுப்பகலிலே புழுதியிற் புரண்டு, கால்களை நீட்டிக் கண்மூடிக் கிடக்கிறது. இன்னொன்று முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, இருந்த இடத்தை விட்டு எழ மறுத்துச் சீறுகிறது. ஒன்றை நோயென்றும் மற்றதைப் பிடிவாதமென்றும் எண்ணிச் சிலர் கோழிகளை விற்றுவிடுகின்றனர், சிலர் கறியாக்கிவிடுகின்றனர். உண்மையில் இந்நான்கும் நலமுள்ள கோழியின் இயல்புகளே. அவற்றை அறியாமையால் நல்ல கோழியும், அதனால் வீட்டுக்குக் கிடைக்கும் சிறு வருவாயும் இழக்கப்படுகின்றன.

இவ்வியல்புகளின் வேர் காட்டிலே உள்ளது. வீட்டுக் கோழியின் முதன்மையான முன்னோர் சிவப்புக் காட்டுக்கோழியாகும். தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் அதன் கிளையினம் ஒன்றே வீட்டுக் கோழிக்கு மிக நெருங்கியது என்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. இலங்கையின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி வேறோர் இனம். வீட்டுக் கோழிக்கு உறவே. காட்டுப் பறவை பகலெல்லாம் நிலத்தைக் கிளறி விதையும் புழுவும் தேடும். இருளுமுன் கிளையேறி உறங்கும். ஆயிரமாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்தும் வீட்டுக் கோழி அப்பழக்கங்களை மறக்கவில்லை.

கோழிக்கு இருளிற் கண் நன்கு தெரியாது. ஆகவே, அந்தி சாயுமுன் பாதுகாப்பான உயரத்தை அது தேடுகிறது. புதிய கோழிகளை முதலில் ஒரு கிழமையளவு கூட்டிலேயே அடைத்து வைத்து, தீனும் நீரும் அங்கேயே கொடுத்தல் வேண்டும். பின்னர் மாலையிற் சிறிது நேரம் திறந்துவிட்டுக் கூட்டருகே தீன் போட்டால், அதுவே தம் இருப்பிடமென்று அவை பழகிக்கொள்ளும். கூட்டினுள்ளே கிடையாக ஒரு கம்பு கட்டினால் மரக்கிளையின் தேவையும் தீரும். மரத்திலே தங்கும் கோழிக்கு மரநாயால் ஆபத்துண்டு என்பதால் இப்பழக்கம் உயிர் காப்பதாகும்.

கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நோர்வே நாட்டினரான தோர்லைவ் ஷெல்டெரூப் எப்பே என்பவர் சிறுவயது முதலே கோழிகளை உற்று அவதானித்து, அவ்வொழுங்கை 1921ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் முதலிடத்துப் பேடு மற்றெல்லாவற்றையும் கொத்தலாம். அதனை எதுவும் கொத்தாது. இரண்டாவது, முதலாவதைத் தவிர ஏனையவற்றைக் கொத்தும். கடைசியில் நிற்பது எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். இவ்வரிசை நிலைத்துவிட்டால் பின்னர் சண்டை குறையும். ஒரு பார்வையே போதுமானதாகிவிடும். புதிய கோழியொன்று வந்தால் வரிசை முழுவதும் கலைந்து மீண்டும் அமைய வேண்டியிருக்கிறது. எனவே தனியொரு கோழியைத் திடீரென உள்ளே விடுவது கொடுமை. சில நாட்கள் வேலிக்கப்பால் வைத்து, ஒன்றையொன்று பார்க்கச் செய்து, இயன்றால் இரண்டாகச் சேர்த்து விடுதல் நன்று. தீனையும் நீரையும் இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் தாழ்ந்த கோழியும் வயிறு நிறைய உண்ணும். சிறு கொத்துகளைத் தடுக்க வேண்டியதில்லை. இரத்தம் காணப்பட்டால் மாத்திரம் அக்கோழியை உடனே பிரித்தல் வேண்டும். சிவந்த புண் மற்றக் கோழிகளை மேலும் கொத்தத் தூண்டும்.

புழுதியிற் புரளுவது கோழியின் குளிப்பு. காய்ந்த மண் இறகுகளினூடே சென்று மிகுந்த எண்ணெய்ப் பசையை அகற்றுவதோடு பேன், செள் முதலியவற்றையும் குறைக்கிறது. வளவின் ஒரு மூலையில் மழை படாத இடத்தில் மணலும் சாம்பலும் கலந்து வைத்தால், பூஞ்செடிகளின் அடியைக் கோழி கிண்டுவதும் ஓரளவு குறையும்.

கோழியின் குரலையும் கேட்கப் பழகுதல் வேண்டும். இரை கண்ட சேவல் விட்டுவிட்டு எழுப்பும் மென்குரல் பேடுகளை அழைப்பது. பருந்து வானிற் தோன்றினால் எழும் ஒலி மெல்லிய நீண்ட கூவல். கேட்டவுடன் கோழிகள் பற்றைக்குள் ஒளியும், அல்லது அசையாமற் பதுங்கும். நாயோ கீரியோ நிலத்தில் வந்தால் அடுக்கடுக்காகக் கொக்கரித்துத் தலை நிமிர்ந்து பார்க்கும். ஆபத்து மேலிருந்தா, கீழிருந்தா என்பதைக் குரலே பிரித்துக் காட்டுகிறது. அதனை அறிந்தவர் வீட்டினுள் இருந்தே எதனை விரட்ட வேண்டுமென்று தெரிந்துகொள்வர்.

மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது அடைக்கோழியே. அது கூட்டை விட்டு அகலாமல், இறகைச் சிலிர்த்து, அணுகுவோரைக் கொத்துகிறது. சிலர் அதனை நீரில் அமிழ்த்துகின்றனர். சிலர் மூக்கில் இறகைச் செருகுகின்றனர். இவை வீண் துன்பங்கள். அடைகாக்கும் குணம் உடலிற் சுரக்கும் புரொலக்டின் என்னும் சுரப்பினால் வருவது. முட்டையிடுதல் அக்காலத்தில் நின்றுவிடும். குஞ்சு வேண்டுமாயின், சேவலோடு திரிந்த பேட்டின் முட்டைகளை வைத்து 21 நாட்கள் பொறுத்திருக்கலாம். அடைக்கோழி நாளுக்கொருமுறையளவில் எழுந்து உண்டு, நீர் குடித்து, எச்சமிட்டு விரைந்து திரும்பும், அதனைக் கலைத்தலாகாது. குஞ்சு வேண்டாவிடின், முட்டைகளை அகற்றி, அடியிற் காற்றோட்டமுள்ள கம்பிக் கூட்டில் தீனும் நீரும் வைத்துச் சில நாட்கள் விட்டால் வயிற்றின் சூடு தணிந்து பழைய நிலை திரும்பும்.

வேலியடியிலே களவாக முட்டையிடும் பேட்டையும் குறை கூற வேண்டியதில்லை. மறைவான இருண்ட இடத்தை அது நாடுகிறது. கூட்டின் மூலையில் வைக்கோல் பரப்பிய பெட்டியொன்றை வைத்து, அதில் முட்டை வடிவான வெண்கல்லொன்றை இட்டால் அங்கேயே முட்டையிடப் பழகும்.

இவ்வளவையும் அறிவதன் பெரும் பயன் வேறொன்று. கோழி தன் நோயை இயன்றவரை மறைக்கும். தளர்ந்தவற்றை மற்றக் கோழிகள் தாக்குவதும் பகை விலங்குகள் தேர்ந்து பிடிப்பதும் காட்டு வாழ்வின் நியதி. ஆகையால் அன்றாட இயல்பை அறிந்தவருக்கே அது மாறுவது புலப்படும். தீனுக்கு ஓடிவராமல் ஒதுங்கி நிற்றல், பகலிலே கழுத்தைச் சுருக்கி இறகு சிலிர்த்துத் தூங்குதல், வாய் திறந்து மூச்சுவிடுதல், பச்சை நிறக் கழிச்சல், கழுத்துத் திருகுதல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். ராணிக்கெட் நோய் தொற்றியபின் அதனை மாற்றும் மருந்தில்லை, தடுப்பூசியே காப்பு. நோயுற்றதை உடனே பிரித்து மிருக வைத்தியருக்கு அறிவித்தால் எஞ்சியவற்றையேனும் காக்கலாம்.

காலையிற் கூடு திறக்கும்போது ஐந்து நிமிடம் நின்று, எது முதலில் வருகிறது, எது பின்தங்குகிறது என்று பார்த்தல் செலவில்லாத பழக்கம். கோழி வளர்ப்பின் பாதி அறிவு அந்த ஐந்து நிமிடத்திலே கிடைத்துவிடும்.