நாவும் மூக்கும் குடலும் மாறும்போது





மிகுந்த உடல் பருமனுக்காக ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களைப் பற்றிச் சபைகளில் ஒரு கேள்வி எழுவதுண்டு. "வாயைக் கட்ட முடியாதவர்களுக்குத்தானே இந்தச் சிகிச்சை? இவர்களுக்காக ஏன் ஜெபிக்க வேண்டும், ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மருத்துவ ஆராய்ச்சி தரும் பதிலை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இந்தச் சிகிச்சையில் பெரும்பாலும் இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் 'பைபாஸ்' முறை. இதன் முதல் வடிவத்தை 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் எட்வர்ட் மேசன் செய்தார். மற்றது, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீக்கிவிட்டு, மீதியைக் குறுகிய குழாய்போல் ஆக்கும் 'ஸ்லீவ்' முறை.

இரைப்பை சிறிதானதால் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், அதனால் மெலிகிறார்கள் என்றே வெகுகாலம் எண்ணினார்கள். அது பாதி உண்மைதான். பத்தியம் இருந்து மெலிகிறவருக்குப் பசி கூடுகிறது. உடல் இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கப் போராடுகிறது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களோ, "முன்போல் பசிக்கவில்லை" என்கிறார்கள். காரணம் ஹார்மோன்கள். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த 'கிரெலின்' என்னும் பசி ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் அந்தப் பகுதியே நீக்கப்படுகிறது. அதோடு, உணவு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரமாய்ச் சேர்வதால், "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் அதிகமாய்ச் சுரக்கின்றன.

அடுத்தது, ருசியும் வாசனையும். ஜலதோஷம் பிடித்தால் ரசம்கூடச் சப்பென்று இருப்பதை நாம் அறிவோம். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பைபாஸ் செய்துகொண்ட 103 பேரிடம் விசாரித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 73 சதவீதம் பேர் ருசி மாறியதாகவும், 42 சதவீதம் பேர் வாசனை உணர்வு மாறியதாகவும் கூறினார்கள். முன்பு ஆசையாய்த் தின்ற இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் பலருக்குத் திகட்டிப்போகின்றன. அதே ஆண்டில் லண்டனில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இரைப்பையில் பட்டை மாட்டிக்கொண்டவர்களைவிட பைபாஸ் செய்தவர்களின் மூளையில், கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவின் படங்களுக்கு ஆசையின் எழுச்சி குறைவாகவே இருந்தது. இந்த மாற்றம் எல்லாருக்கும் ஒரேமாதிரி வருவதில்லை. சிலருக்குக் காலப்போக்கில் மறைந்தும் போகிறது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தார். நம் குடலில் கோடானகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பின் அமிலமும் பித்தநீரும் உணவோடு சேரும் விதம் மாறுவதால், அவற்றில் சில வகைகள் குறைந்து வேறு சில பெருகுகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், பைபாஸ் செய்த எலிகளின் குடல் பாக்டீரியாக்களை, கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தார்கள். கத்தி படாத அந்த எலிகளும் எடை குறைந்தன! 2015-இல் சுவீடன் நாட்டினர், சுமார் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களின் பாக்டீரியாக்களை எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் உடலில் கொழுப்புச் சேர்வது குறைந்தது. எலிக்குக் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. இதைக்கொண்டு மருந்து கிடைத்துவிட்டது என்று யாரும் ஏமாற வேண்டாம்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? பசியும் ஆசையும் மனவுறுதியினால் மாத்திரம் ஆளப்படுவதில்லை. குடலை மாற்றி இணைத்தால் ஆசையே மாறுமானால், முன்பு அந்த ஆசையோடு போராடித் தோற்றவரைச் சோம்பேறி என்றோ பெருந்தீனிக்காரர் என்றோ தீர்ப்பது சரியல்ல. நம் ஆண்டவரையே போஜனப்பிரியன் என்று தூஷித்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறவாதிருப்போம்.

ஆபரேஷனோடு காரியம் முடிந்துவிடுவதுமில்லை. மாற்றி இணைத்த குடல் சில சத்துக்களைச் சரியாய் உறிஞ்சாது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. நிறுத்தினால் இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் எலும்புத் தேய்வும் வரலாம். எடை குறைந்த மகிழ்ச்சியில் மாத்திரையை மறப்பவர்களும், மாதந்தோறும் வாங்க வசதியில்லாதவர்களும் உண்டு. ஆபரேஷனுக்கு உதவ முன்வருகிறவர்கள் பலர். அதன் பின்னான நீண்ட ஆண்டுகளுக்கு உதவுகிறவர்கள் சிலரே. இந்த மாத்திரைகளுக்கும் பரிசோதனைகளுக்கும் கொடுக்கும் சிறு காணிக்கையும் பெரிய உதவி.

பணமில்லாமலே செய்யக்கூடிய உதவி ஒன்றும் உண்டு. சபை விருந்திலும் கல்யாண வீட்டிலும், "ஒரு லட்டுதானே, சாப்பிடுங்கள்" என்று இவர்களை வற்புறுத்தாதிருங்கள். பைபாஸ் செய்தவருக்குச் சர்க்கரை குடலுக்குள் வேகமாய் இறங்கினால் வியர்வையும் படபடப்பும் தலைசுற்றலும் வரலாம். அவர் இலையில் வைத்தது கொஞ்சமாயிருந்தாலும், கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அதுவே அன்பின் உபசரிப்பு.

இவர்களையும், இவர்களைக் கவனிக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், உணவு ஆலோசகர்கள் யாவரையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் தாங்க அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.