கொத்மலை நோயாளியும் ஆஸ்பத்திரிக் கணக்கும்

இலங்கையின் அரச வைத்தியசாலைகளுக்குச் சம்பளம், மருந்து, உணவு, பராமரிப்பு எனத் தலைப்பு வாரியாகவும், பெரும்பாலும் முந்தைய ஆண்டின் செலவை ஒட்டியும் நிதி ஒதுக்கப்படுவதால், எத்தனை பேருக்கு என்ன சிகிச்சை நடந்தது என்பது அந்தக் கணக்கில் நேரடியாக இடம்பெறுவதில்லை. நோயாளியோ, யாருடைய பரிந்துரைத் துண்டும் இல்லாமல் தாம் விரும்பிய அரச வைத்தியசாலைக்குப் போகலாம். கொத்மலையின் பூண்டுலோயா, இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி அருகிலுள்ள சிறிய ஆஸ்பத்திரியைத் தாண்டி நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பஸ் ஏறுவது அதனால்தான். கிளினிக் நாளென்றால், கொப்பியும் பழைய துண்டுகளும் அடங்கிய பையோடு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அன்றைய பேரும், அதாவது ஒரு நாள் சம்பளமும், கிடைக்காது.

அவ்வளவு தூரம் அவர் போனாலும், அவருக்கான பணம் அவரோடு போவதில்லை. நோயாளிகளை ஈர்த்த ஆஸ்பத்திரிக்கு வேலை மட்டும் கூடுகிறது. அவர்களை இழந்த ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கீடு குறைவதில்லை. ஒரு பக்கம் தரையில் பாய் விரிக்கப்பட, மறுபக்கம் கட்டில்கள் காலியாகக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பணத்தை நோயாளியோடு அனுப்பிப் பார்த்த நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்புறுதி 1983இல் நோய்த் தொகுதிக் கட்டணத்துக்கு மாறியது. ஒத்த நோய்களை ஒரு தொகுதியாக்கி, எத்தனை நாள் தங்கினாலும் ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயிக்கும் இந்த முறையில் மிச்சமும் நட்டமும் ஆஸ்பத்திரியையே சேரும் என்பதால், தங்கும் நாட்கள் குறைந்தன. ஆறுமுன்பே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற புகாரும் கூடவே எழுந்தது. இங்கிலாந்தின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 1990களில் ஆஸ்பத்திரிகள் விலையைப் பேரம் பேசிப் போட்டியிட்டபோது, போட்டி மிகுந்த பகுதிகளில் மாரடைப்பு மரணங்கள் கூடியதாகவும், விலை நிர்ணயிக்கப்பட்டு 2006இல் நோயாளிக்குத் தெரிவுரிமை வந்த பிறகு அத்தகைய பகுதிகளில் அவை வேகமாகக் குறைந்ததாகவும் ஆய்வுகள் கூறின. பின்னைய முடிவைச் சில அறிஞர்கள் ஏற்கவில்லை.

ஆயினும் போட்டிக்கு இரண்டு கடைகளாவது பக்கத்தில் இருக்க வேண்டும். மலைச்சரிவில் ஒரே ஆஸ்பத்திரியை நம்பியிருக்கும் ஊரில், நோயாளிக் கணக்குப்படி பணம் கொடுத்தால் அந்தச் சிறிய ஆஸ்பத்திரி நொடித்துப்போகும், பெரியதோ இன்னும் தூரமாகவே இருக்கும். 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் வளர்ந்த மருந்தகங்களை அரசு பொறுப்பேற்பதே பல தசாப்தங்களாக இழுபடும் நிலையில், இந்த அச்சம் மிகையானதன்று.

2002இல் தாய்லாந்து வேறு வழியைத் தேர்ந்தது. வெளிநோயாளர் சிகிச்சைக்குப் பதிவிலுள்ள தலைக்கு இவ்வளவு என்றும், விடுதிச் சிகிச்சைக்கு மொத்த வரம்புக்குள் நோய்த் தொகுதிப்படியும் அது பணம் தருகிறது. இலங்கையின் 2018ஆம் ஆண்டுச் சுகாதாரக் கொள்கையும் பெரிய வைத்தியசாலையைச் சுற்றிச் சிறியவற்றைக் கொத்தணியாக இணைத்து, ஒவ்வொரு சிறிய ஆஸ்பத்திரிக்கும் உரிய மக்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. தலைக் கணக்குக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும். கொத்மலையின் லயங்களிலோ பல குடும்பங்களுக்குத் தனி முகவரியே இல்லை, கடிதம்கூடத் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வருகிறது.