யானையும் வயல்வேலியும்

யால, வில்பத்து ஆகிய தேசியப் பூங்காக்கள் 1938இல் அமைக்கப்பட்டன. அங்கே யானையைக் காண்போர் மகிழ்வர். இரவிற் பரணிற் காவலிருக்கும் கமக்காரரோ அதனைப் பகையென்பர். இருவர் கூற்றிலும் நியாயமுண்டு. துப்பாக்கியும் வெடியும் தீர்வாகவில்லை. 2019இல் மாத்திரம் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் இப்பகையில் மாண்டனர்.

பூங்கா எல்லையில் வேலியிட்டாற் போதுமென்பாருமுளர். ஆயின், இலங்கையில் யானைகள் நடமாடும் நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மக்களும் வாழ்கின்றனர். அவ்வேலியின் இருபுறமும் யானைகளே. ஆதலின், வேலி வயலைச் சூழ அமைதல் வேண்டும்.

கல்கமுவப் பகுதியிற் கமக்காரர் ஒன்றுகூடி, விதைப்புக் காலத்தில் மின்வேலியிட்டு, அறுவடை முடிந்ததும் அகற்றுகின்றனர். பின்னர் யானைகள் தாளை மேய்ந்து செல்லும்; பயிருக்குச் சேதமில்லை. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேரே பாய்ச்சுதல் ஆகாது. அது மனிதரையுங் கொல்லும். வேலியிற் செடிகொடி படராது நாடோறும் காப்பின், விளைந்த நெல் வீடு வந்து சேரும்.