ஈகையும் ஊதியமும்

வறியோருக்கு உதவுதல் அறம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வுதவி எவ்வகையில் அமைதல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது. ஈந்த உணவு அன்றைய பசியைத் தீர்க்கும். ஏற்ற கையோ மறுநாளும் தாழ்ந்தே நிற்கும். உழைத்துப் பெறும் ஊதியம் பசியைத் தீர்ப்பதோடு தலைநிமிர்ந்து வாழும் மதிப்பையும் அளிக்கும் என்பர். எனினும், வேலை கொடுத்துவிட்ட அளவிலே மதிப்பும் வந்துவிடுமா? இவ்வினாவிற்குப் பம்பாய் நகரிலே தோன்றிய ஓர் அப்பளத் தொழிலின் வரலாறு விடை பகர்கின்றது.

1959ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் திகதி, அந்நகரின் கிர்காம் பகுதியிலே, குஜராத்திப் பெண்கள் எழுவர் தம் குடியிருப்பின் மொட்டை மாடியிற் கூடி அப்பளம் இடத் தொடங்கினர். அடுக்களையிற் பழகிய கைத்திறன் ஒன்றே அவர்களது செல்வம். முதலாக அமைந்தது 80 ரூபா. சகன்லால் கரம்சி பாரேக் என்னும் சமூகத் தொண்டர் அதனை நன்கொடையாகவன்றிக் கடனாகவே வழங்கினார். முதல்நாள் உருவானவை நான்கு பொட்டலங்கள். நட்டம் வரினும் பிறரிடம் நன்கொடை ஏற்பதில்லை என்பது அவர்கள் பூண்ட உறுதி. அம்முயற்சியே பின்னர் ‘லிஜ்ஜத்’ என்னும் பெயரால் இந்தியா எங்கும் அறியப்படுவதாயிற்று.

வேலைமுறை எளியது. காலையிலே கிளை நிலையத்திற் பிசைந்து வைத்த மாவைப் பெண்கள் நிறுத்துப் பெற்று வீட்டுக்குக் கொண்டு செல்வர். வீட்டு வேலைகளுக்கிடையே அதனை வட்டமாகத் தேய்த்து உலர்த்தி, நிலையத்திலே திரும்பச் சேர்ப்பர். தரம் பார்த்தபின், நிறைக்கேற்பக் கூலி வழங்கப்படும்.

இத்தகைய வீட்டு வேலை புதியதன்று. பீடி சுற்றுவோரும் துணி தைப்போரும் இவ்வாறே உழைக்கின்றனர். ஆயினும் இடைத்தரகர் வகுத்ததே கூலி என்னும் நிலையில், இரவு பகலாக உழைத்தும் அவர்களிற் பலர் வறுமையினின்று மீள்வதில்லை. லிஜ்ஜத்தின் சிறப்பு வேலையிலன்று, உரிமையிலே உள்ளது. அங்கு அப்பளம் இடும் ஒவ்வொரு பெண்ணும் நிறுவனத்தின் பங்காளி. ‘சகோதரி’ என்றே அழைக்கப்படுகின்றாள். இலாபமும் நட்டமும் அனைவருக்கும் பொது. ஆடவர் சம்பளம் பெறும் ஊழியராகலாம், உறுப்பினராதல் இயலாது.

உரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வருகின்றது. தரங்குறைந்த அப்பளம் வறியவள் இட்டது என்பதற்காக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. முதலில் மலிவான தாழ்ந்த வகையொன்றையும் செய்துவந்தவர்களை, தரமான ஒன்றையே செய்யுமாறு பாரேக் அறிவுறுத்தினார். இரக்கத்தினால் வாங்கும் பண்டம் சிலகாலமே விலைபோகும். நன்றென்று விரும்பி வாங்கும் பண்டமே நிலைக்கும். செய்தவளுக்கு மதிப்பைத் தருவதும் அதுவே.

எழுவரோடு தொடங்கிய நிறுவனத்தில் இன்று 40,000க்கு மேற்பட்ட பெண்கள் உள்ளனர். அவ்வெழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அவர்களுக்கு 2021ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. வறியோருக்குத் தொழில் தர முனைவோர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எண்ணுவதோடு அமைதல் போதாது. அவ்வேலையின் பயனில் உழைத்தவருக்குரிய பங்கு எவ்வளவு என்பதையும் கேட்டல் வேண்டும்.