படிக்க முடியாத புத்தகத்தில் ராசிச் சக்கரம்

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் 408 என்று எண்ணிட்ட ஒரு பழைய கையெழுத்துப் புத்தகம் இருக்கிறது. சுமார் 240 பக்கங்கள், எல்லாம் கன்றுத்தோல். வாய்னிச் என்ற புத்தக வியாபாரி 1912இல் இத்தாலியில் வாங்கியதால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. என்ன எழுத்து, என்ன மொழி என்று இன்றுவரை யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. 2009இல் அரிசோனா பல்கலைக்கழகத்தார் தோலைக் கார்பன் முறையில் சோதித்து, 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்றனர்.

இதில் என்னைக் கவர்ந்தவை வட்டப் படங்களே. பணிமனையில் வேலை பார்த்த காலத்தில் எங்களுக்கு ஜெர்மன் மொழியில் குறிப்பெழுதிய வரைபடங்கள் வருவதுண்டு. எங்களில் ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது. ஆனாலும் ஃபிளாஞ்சில் எத்தனை போல்ட் துளை என்று எண்ணினால் பாதி விஷயம் புரிந்துவிடும். இங்கேயும் அதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

எண்ணிப் பாருங்கள். சில வட்டங்களின் நடுவில் மீன், துலாக்கோல், தேள் என்று நமக்குப் பழக்கமான ராசிகள் இருக்கின்றன. சுற்றிலும் வளையம் வளையமாகப் பெண் உருவங்கள். பெரும்பாலும் ஒவ்வொருத்தி கையிலும் ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ஒரு சிறு சொல். ராசிக்கு 30 பேர். மேஷத்தையும் ரிஷபத்தையும் மட்டும் இரண்டிரண்டு வட்டங்களாகப் பிரித்து 15, 15 என்று போட்டிருக்கிறார்கள். மீனத்தில் 29 என்கிறார்கள், ஏனென்று தெரியவில்லை. ராசிக்கு 30 பாகை, 12 ராசிக்கு 360 என்பது நம் பஞ்சாங்கக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வரிசை தொடங்குவது மேஷத்தில் அல்ல, மீனத்தில். அதன் அருகே மார்ச் என்று லத்தீன் எழுத்தில் யாரோ பிற்காலத்தில் குறித்திருக்கிறார்கள். தனுசு நம் ஊர்ப் படங்களில் போலக் குதிரை உடம்புக்காரன் அல்ல. குறுக்குவில் பிடித்த சாதாரண மனிதன்.

எண்ணாமல் கற்பனை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூபோல்டு உதாரணம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர், நல்ல படிப்பாளி. ஒரு சுழல் வட்டத்தைப் பார்த்து, 13ஆம் நூற்றாண்டின் ரோஜர் பேக்கன் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமீடா மண்டலத்தைக் கண்டு வரைந்தது என்று 1921இல் சொன்னார். எழுத்துகளுக்குள் நுண்ணிய சுருக்கெழுத்து ஒளிந்திருக்கிறது என்றும் வாதித்தார். அது மை காய்ந்து ஏற்பட்ட வெடிப்பு என்று மேன்லி என்ற அறிஞர் 1931இல் எடுத்துக் காட்டினார். அதற்குள் நியூபோல்டு காலமாகிவிட்டார். பாவம், ஆண்டுக்கணக்கான உழைப்பு!

இன்னொரு வட்டத்தில் 17 குறிகள் ஒரே வரிசையில் நான்கு முறை திரும்பி வருகின்றன. சாதாரண வாக்கியம் இப்படி வராது. அட்டவணையாகவோ அளவுகோலாகவோ இருக்கலாம் என்பது என் ஊகம்.

இனி யாராவது இதைப் படித்துவிட்டேன் என்று வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: துலாத்தைச் சுற்றியுள்ள அந்த 30 சொற்களும் என்ன? நாட்களா, நட்சத்திரங்களா, பாகைகளா? மூன்று நான்கை மட்டும் பொறுக்கி எடுத்து அர்த்தம் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மகரமும் கும்பமும் இப்போது இல்லை. ஏடுகளுக்குப் பிற்காலத்தில் போட்ட எண் 73லிருந்து 75க்குத் தாவுகிறது. ஆகவே எண் போட்டபோது 74ஆம் ஏடு புத்தகத்தில்தான் இருந்திருக்கும். கணக்குப்படி அதில் இன்னும் 60 பெண்கள் இருந்திருக்க வேண்டும்.